நீல டிரம்மில் ஒன்பது நாள்

ஆய்வகத்தின் பழைய நோட்டுகளை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். அந்த வேலையில் இருக்கும் செல்வராணி என்ற ஆராய்ச்சி மாணவி போன மாதம் எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சேர்ந்த பெண். முகம் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒரு பக்கத்துல பன்னண்டு மீனுக்கும் நேரா பென்சில்ல கோடு அடிச்சிருக்கு. ஓரத்துல 'பயன்படாது'ன்னு எழுதி மேடம் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஏன் பயன்படாதுன்னு மட்டும் எழுதல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது இது. பிழை இருந்தால் அந்தப் பெண் திருத்திக்கொள்ளட்டும்.

என் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நட்டார்கள், அறுத்தார்கள். எனக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. டிராக்டரில் கிளீனர், நீடாமங்கலம் ஜங்ஷனில் சரக்கு மூட்டை, திருப்பூரில் சாயப்பட்டறை, மலேசியாவில் இரண்டு வருடம் கட்டட வேலை என்று சுற்றினேன். அங்கே கான்ட்ராக்டர் ஓடிப்போனதும் கட்டிய துணியோடு திரும்பி வந்தேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்துக்கு மீன் பிடித்துத் தர ஆள் தேவை என்றார்கள். தினக்கூலி. இரண்டு மாதம் இருக்கலாம் என்று போனேன். இருபத்து மூன்று வருடம் இருந்தேன்.

வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெண் மீன் சினைக்கு வரும்போது, முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய ஒரு புரதத்தை அதன் ஈரல் செய்து ரத்தத்தில் விடும். அந்தப் புரதத்துக்கு விடெல்லோஜெனின் என்று பெயர். அது என் வாயில் நுழைய ஆறு மாதம் ஆயிற்று. ஆய்வகத்தில் நாங்கள் அதை 'மஞ்சள்' என்றே சொல்லிக்கொண்டோம். ஆண் மீனுக்கும் அதே ஈரல்தான். ஆனால் பெண் ஹார்மோன் வந்து 'செய்' என்று சொன்னால்தான் ஈரல் அதைச் செய்யும். ஆணுக்கு அந்த உத்தரவு வருவதில்லை. ஆகவே ஆண் மீனின் ரத்தத்தில் மஞ்சள் இருந்தால், ஹார்மோன் போல நடிக்கிற ஏதோ ஒன்று தண்ணீரில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சாக்கடையாக இருக்கலாம், பூச்சிமருந்தாக இருக்கலாம், ஆலைக் கழிவாக இருக்கலாம். தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. மீனும் சாகாது, நன்றாகத்தான் நீந்தும். ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் டாக்டர் ஜமீலா, செல்வராணி சொன்ன அந்த மேடம். கடற்கரை ஊர்க்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார்கள். குடும்பத்தில் இவர் ஒருவர்தான் மீன் படித்தவர். குரலை உயர்த்த மாட்டார். திட்டவும் மாட்டார். ஒரு வேலை சரியில்லை என்றால், "இதை எடுத்துடுங்க, திரும்பச் செய்வோம்" என்பார். அந்த 'செய்வோம்' என்ற சொல்லில் அவரும் நம்மோடு உட்கார்ந்துவிடுவார். அதனால் யாராலும் கோபித்துக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவார். பேனா மை ஈரக் கை பட்டால் கரைந்துவிடும்.

ரத்தம் எடுக்கும் முறையை இன்னும் என் கை மறக்கவில்லை. ஜிலேபிக் கெண்டையை ஈரத் துணியில் சுற்றி அதன் கண்ணை மூட வேண்டும். கண் மூடினால் மீன் துள்ளாது. வாலுக்கு அடிப்பக்கம், கழிவுத் துவாரத்தை ஒட்டிய துடுப்புக்குப் பின்னால், நடுக்கோட்டில் ஊசியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். முள்ளெலும்பில் நுனி தட்டும். தட்டியதும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்தால் ரத்தம் ஏறும். அவசரமாக இழுத்தால் ரத்த அணுக்கள் உடைந்து எல்லாம் சிவந்து வீணாகிவிடும். ஊசிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து, குழாய்க்குள் புரதம் சிதையாமல் இருக்க இன்னொரு மருந்து. பிறகு ஐஸ். வலையிலிருந்து ஐஸுக்குப் போக மூன்று நிமிடம் தாண்டினால் மேடம் அந்தக் குழாயைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்.

ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் என் வேலையாயிற்று. ஜிலேபியின் வயிற்றடியில் ஒரு துளி நீலச்சாயம் வைத்துத் துடைத்தால் துவாரங்கள் தெரியும். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. ஒரு வருடம் கழித்து எனக்குச் சாயம் தேவைப்படவில்லை. ஆனாலும் மேடம் ரத்தம் எடுத்த ஒவ்வொரு மீனையும் அறுத்துப் பார்த்த பிறகுதான் 'ஆண்' என்று எழுதுவார். முதுகெலும்பை ஒட்டி இரண்டு வெள்ளை இழை இருந்தால் ஆண்.

ரத்தத்தைச் சுற்றுகிற மெஷினில் போட்டால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நிற்கும். அதைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விட்டு, மஞ்சளை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற மருந்தையும் பிறகு நிறம் காட்டும் மருந்தையும் சேர்ப்பார்கள். புரதம் இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி கிடக்கும். அந்த ஆன்டிபாடி இங்கே கிடைக்காது. மேடத்தின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வருவார். சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில்.

இப்போது டிரம் கழுவும் செட்டுக்கு வருகிறேன்.

ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருடங்கள் அவை. கடைமடையில் கைப்பம்பு அடித்தால் உப்புக் கரித்தது. லாரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வரும். வந்த நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். குடம் போதாது. அப்போதுதான் நீல டிரம்கள் வந்தன. எங்கெங்கோ புதிதாகத் திறந்த கெமிக்கல் கம்பெனிகளில் சரக்கு வந்த இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம்கள். எங்கள் ஊருக்கு மேலே வாய்க்கால் கரையில் ஒருவர் கொட்டகை போட்டு, அந்த டிரம்களை லாரி லாரியாக இறக்கிக் கழுவி விற்றார். கொட்டகையைச் செட்டு என்றும் அவரைச் செட்டுக்காரர் என்றும் சொல்வோம். நல்ல மனிதர்தான். வேலை இல்லாத ஊரில் முப்பது பெண்களுக்கு வேலை கொடுத்தார்.

என் அக்கா தையல்நாயகி அங்கே வேலை பார்த்தாள். மாமா மஸ்கட்டில் இருந்தார். வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். டிரம்மின் லேபிளைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே ஒரு கைப்பிடி ஜல்லியும் சோப்பு மருந்தும் தண்ணீரும் விட்டு மூடி, படுக்கப் போட்டுக் காலால் உருட்டுவார்கள். முப்பது பெண்கள் வரிசையாக உருட்டும்போது இடி இடிக்கிற மாதிரி சத்தம் வரும். பிறகு வாயைத் திறந்து வாய்க்காலில் கவிழ்ப்பார்கள். நுரை முழங்கால் உயரத்துக்கு மிதந்து போகும்.

கீழே வாய்க்காலில் மீன் குத்தகை எடுத்திருந்தவர்கள், இரண்டு வருடமாக மீன் சினை பிடிக்கவில்லை என்று மேலிடத்துக்கு மனு கொடுத்தார்கள். செட்டை வாய்க்கால் கரையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். சோதித்துச் சொல்லுங்கள் என்று மேடத்திடம் வந்தது. செட்டை எடுத்தால் அக்காவுக்கு வேலை போகும். அது எனக்குத் தெரியும். மேடத்திடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மேடம் போட்ட திட்டம் இது. பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண் காட்டில், எந்த வாய்க்காலும் சேராத, மழைத் தண்ணீர் மட்டும் நிற்கிற ஒரு குளத்திலிருந்து முப்பத்தாறு ஆண் ஜிலேபி பிடிக்க வேண்டும். பன்னிரண்டைக் கூண்டில் வைத்துச் செட்டுக்கு மேலே வாய்க்காலில் இறக்க வேண்டும். பன்னிரண்டைச் செட்டுக்குக் கீழே. மீதிப் பன்னிரண்டு கல்லூரி சிமெண்டுத் தொட்டியில், கிணற்றுத் தண்ணீரில் இருக்க வேண்டும். ஒன்பது நாள் கழித்து மூன்று கூட்டத்துக்கும் ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். "சிமெண்டுத் தொட்டி, இல்லாட்டி மண் தொட்டி. வேற எதுலயும் வைக்காதீங்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தை முடிந்து ஆற்றை அடைத்திருந்தார்கள். வாய்க்காலில் செட்டுத் தண்ணீரும் ஊர்த் தண்ணீரும்தான் தேங்கிக் கிடந்தன. மீன் பிடித்து வந்த அன்று மேடத்தின் வாப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டார். "நீங்க பாத்துக்குங்க, ஒன்பதாம் நாள் வந்துடுறேன்" என்றார்.

எனக்கு அந்த வாரம் வேறு வேலை இருந்தது. மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சியில் ஏஜெண்ட் வரச் சொல்லியிருந்தான். கால் மறுபடியும் அரித்துக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் தொட்டிக்குத் தினமும் காலையில் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். ஊரில் கூண்டுகளைப் பார்க்க வேண்டும். திருச்சிக்கும் போக வேண்டும். மூன்று இடத்தில் ஒரு ஆள் எப்படி இருப்பது? பன்னிரண்டு மீனையும் ஊருக்கே கொண்டுபோய்விட்டேன்.

அக்கா வீட்டுக் கொல்லையில் நான்கு நீல டிரம்கள் நின்றன. ஒன்றைக் காலி செய்து தரச் சொன்னேன்.

"என்னடா இது, பன்னண்டு பேரு?"

"ஆம்பளை மீனுங்க அக்கா. ஒன்பது நாள் வச்சிரு. தவிடு போடு. பாதித் தண்ணிய மாத்து. கைப்பம்புத் தண்ணி போதும்."

"பன்னண்டு மாப்பிள்ளைய ஒரே நாள்ல வீட்டுக்குக் கொண்டாந்துட்டான் என் தம்பி. பொண்ணுக்கு நான் எங்கடா போவேன்?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஒன்றுகூடச் சாகவில்லை. நான்தான் கூண்டைச் சரியாகப் பார்க்கவில்லை. திருச்சியிலிருந்து திரும்பி வந்தபோது மேலே இருந்த கூண்டின் கதவு திறந்திருந்தது. யார் வீட்டுக் குழம்போ. அக்காவிடம் கேட்டேன். "பிடிச்சி கூண்டுல போட்டு, தூக்கிட்டுப் போற மாதிரி வச்சா வேற என்ன செய்வாங்க?" என்றாள்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் இரண்டு கூட்டத்தையும் ஈரச்சாக்கில் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தேன். டிரம்மில் இருந்தவற்றைச் சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து மேடம் வந்தார். வாப்பா பிழைத்துக்கொண்டார் என்றார். மேல் கூண்டு மீன்கள் காணாமல் போனதைச் சொன்னேன். வருத்தப்பட்டார். "பரவால்ல, தொட்டி மீன் இருக்குல்ல. அதோட கீழ் மீனை ஒப்பிட்டுக்கலாம்" என்றார். அந்தப் பன்னிரண்டு மீன்தான் இனிக் கணக்கு என்று ஆகிவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ரத்தம் எடுத்தேன். எல்லாம் மூன்று நிமிடத்துக்குள். மறுநாள் தட்டில் மருந்து விட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழ்க் கூண்டு மீன்களின் வரிசை மஞ்சளாயிற்று. மேடம் தலையசைத்தார். அதற்கு அடுத்த வரிசையும் மஞ்சளாயிற்று. அது தொட்டி மீன் வரிசை. அது தண்ணீர் மாதிரி கிடந்திருக்க வேண்டும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"கலியமூர்த்தி, இந்த மீனுங்க எங்க இருந்துச்சு?"

"சிமெண்டுத் தொட்டியிலதான் மேடம்."

"ஒன்பது நாளும்?"

"ஒன்பது நாளும்."

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஏன் சொன்னேன் என்றால், மஸ்கட் ஏஜெண்ட் அனுபவச் சான்றிதழ் கேட்டிருந்தான். மேடம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்னும் பத்து நாளில் போகப்போகிறவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். டிரம்முக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வைக்கிற பாத்திரம்தானே. சொன்ன இடத்தில் வைக்காத குற்றத்தை மறைப்பதாக மட்டுமே நினைத்தேன்.

மேடம் மூன்று முறை திரும்பச் செய்தார். மூன்று முறையும் அப்படியே வந்தது. அறுத்து வைத்த மீன்களை மறுபடியும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளை இழைகள் இருந்தன, எல்லாம் ஆண்தான். செம்மண் குளத்துத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். கிணற்றைச் சந்தேகப்பட்டார். கடைசியில் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டார். அண்ணன் பிளாஸ்கைத் திறந்து பார்த்திருப்பாரோ, வழியில் சூடாகியிருக்குமோ என்று. அந்தச் சின்னப் பாட்டிலை வாஷ்பேசினில் ஊற்றினார். அப்போது நான் பக்கத்தில் நின்று கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். 

அறிக்கை போயிற்று. கீழ் வாய்க்கால் மீனுக்கும் தொட்டி மீனுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை என்று அதில் இருந்தது. அதே நாளில் என் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஆபீஸில் டைப் அடிக்கும் வேம்பு சார் என்னைக் கூப்பிட்டார். "உங்க மேடம் ஒரு லெட்டர் குடுத்திருக்காங்க, தெரியுமா?"

"என்ன லெட்டர் சார்?"

"என் கை வேலையில் பிழை இருக்கிறது, எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, இந்தத் திட்டத்திலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள்னு எழுதியிருக்காங்க. பதினெட்டு வருஷமா இவங்க லெட்டர் அடிக்கிறேன். இப்படி ஒண்ணு அடிச்சதில்ல."

நான் நேரே மேலே போனேன். மேடம் பழைய நோட்டை விரித்து வைத்து, விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டிருந்தார். தவறு எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தப் பன்னண்டு மீனு தொட்டியில இல்ல. எங்க அக்கா வீட்டுல டிரம்முல வச்சிருந்தேன்."

என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். பென்சிலை எடுத்தார்.

"என்ன டிரம்?"

"நீல டிரம். அந்தச் செட்டுல கழுவினது."

"எத்தனை லிட்டர்? லேபிள் இருந்துச்சா? தண்ணி எங்கேர்ந்து? என்ன தீனி போட்டாங்க? நிழல்ல இருந்துச்சா, வெயில்லயா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினார். எழுதும்போது முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது, அதனால்தான். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மீன் விடறதுக்கு முன்னாடி அந்த டிரம்முல என்ன வச்சிருந்தாங்க?"

"குடிக்கிற தண்ணி மேடம். இப்பவும் அதுலதான் வச்சிருக்காங்க. ஊரு பூரா அப்படித்தான்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

அந்தப் பன்னிரண்டு மீனும் பயன்படாதவை இல்லை. வாய்க்கால் மீனைவிட அவைதான் முக்கியம். செட்டை எங்கே வைப்பது என்று மட்டுமே குழு கேட்டிருந்தது. டிரம் எந்தெந்த வீட்டுக்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. என் பன்னிரண்டு மீன் அதைச் சொல்லிவிட்டது. நான் அதன் வாயை அடைத்திருந்தேன்.

திரும்பச் செய்வோம் என்றார். ஆனால் ஆன்டிபாடி வாஷ்பேசினில் போயிருந்தது. அண்ணன் மறுபடியும் வர ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் செட்டு ஓடியது. கோடையில் டிரம்முக்கு வரிசையில் நின்றார்கள். மேடம் இரண்டு முறை கடிதம் எழுதினார். சோதனை முடிவோடு வாருங்கள் என்று பதில் வந்தது. நான் மஸ்கட் போகவில்லை. சான்றிதழை மேடம் திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஆன்டிபாடி வந்ததும் செய்தோம். புதிதாக இருபத்து நான்கு ஆண் மீன். பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டியில். பன்னிரண்டு, செட்டில் வாங்கிய புது டிரம்மில். இரண்டுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே தவிடு. ஒன்பது நாளும் நான் தொட்டிப் பக்கத்திலேயே பாய் போட்டுக் கிடந்தேன். தொட்டி மீன் வரிசை தண்ணீராகக் கிடந்தது. டிரம் வரிசை மஞ்சளாயிற்று.

டிரம்மில் முன்பு இருந்த மருந்தா, கழுவுகிற சோப்பு மருந்தா, அந்தப் பிளாஸ்டிக்கேவா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு சோதனை தேவை என்று மேடம் சொன்னார். மீனுக்கு இப்படி ஆனால் மனிதருக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன். ஆனா நான் அதுல தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார்.

முடிவை எடுத்துக்கொண்டு போனபோது குழு கலைந்திருந்தது. பைலைப் பார்க்கிற அதிகாரி ஒருவர், ஆய்வகம் பார்க்க வேண்டும் என்று நேரில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், மாசி மாசம் வித்தியாசம் இல்லன்னு எழுதினீங்க. இப்ப இருக்குங்கிறீங்க. நான் எதைப் பைல்ல வைக்கிறது?"

"ரெண்டையும் வைங்க. முதல்ல குடுத்தது தப்புன்னு எழுதித் தர்றேன்."

"எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாங்களே?"

நான் கதவருகில் நின்றிருந்தேன். முன்னால் வந்தேன். "நான்தான் சார். மீனை டிரம்முல வச்சிட்டுத் தொட்டியில வச்சேன்னு சொல்லிட்டேன். மேடத்துக்குத் தெரியாது."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கைலியைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், பழிய ஏத்துக்கத் தினக்கூலி ஆளைக் கொண்டாந்து நிறுத்தாதீங்க. இது வழக்கமா எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். நான் அதை எழுத மாட்டேன், விடுங்க."

மேடத்தின் முகம் கறுத்துவிட்டது. "அவர் சொல்றது நிஜம்" என்றார்.

"நிஜமாவே இருக்கட்டும். படிப்பாங்களா மேடம் இதை?"

அவர் போன பிறகு மேடம் பழைய நோட்டை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து பன்னிரண்டு கோடு போட்டு 'பயன்படாது' என்று எழுதியது அன்றுதான். காரணத்தை ஏன் எழுதவில்லை என்று செல்வராணி கேட்கிறாள். எழுதினால் என் பெயரைப் போட வேண்டும். அதனால் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவது சோதனைக்கு அனுமதி வரவே இல்லை. மேடம் நான்கு வருடம் கழித்து ஓய்வு பெற்றுச் சிங்கப்பூர் போனார். அங்கேயே காலமானார்.

அதிகாரி வந்து போன மறுநாள் நான் ஊருக்குப் போனேன். தாளில் ஏறாவிட்டால் போகட்டும், வாயால் சொல்லிவிடலாம் என்று போனேன். லாரி வருகிற நாள். தெருவில் வீட்டுக்கு வீடு டிரம்களை வாசலில் எடுத்து வைத்திருந்தார்கள். அக்காவிடம் சொன்னேன். மீன் கதையை முழுக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள்.

"அப்ப அந்தப் பன்னண்டு மாப்பிள்ளையும் பொண்ணா ஆயிட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படி இல்ல. ரத்தத்துல பொம்பளை மீனோட சத்து வந்துடுச்சு. டிரம்முல ஏதோ இருக்கு. இதுல குடிக்கிற தண்ணி வைக்காதீங்க."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இதுல வைக்காம எதுலடா வைக்கிறது? லாரி இன்னைக்கு வந்தா இனிமே வியாழக்கிழமதான். ரெண்டு குடத்த வச்சிக்கிட்டு மூணு நாள் இருக்கச் சொல்றியா?"

 சிமெண்டுத் தொட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். கூரை வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

அவள் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பினாள். அதை நான் எழுதியே ஆக வேண்டும். பைல் வைத்திருந்தவர் நம்பவில்லை, அவள் நம்பினாள்.

"அப்ப நாங்க உருட்டுனது பத்தல. உள்ள இன்னும் ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. நல்லாத் தேய்ச்சிக் கழுவிட்டா சரியாப் போயிடும்" என்று உள்ளே போனாள். செட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சோப்பு மருந்துப் பாட்டிலோடு வந்தாள். ஒரு மூடி விடுகிற இடத்தில் கால் பாட்டில் விட்டாள்.

"சோப்பு வேணாம்க்கா. வெறும் தண்ணியில அலசு."

"சோப்பு போடாம எப்படிடா போவும்? நீ போய்த் தண்ணி அடி."

மற்ற பெண்களும் தங்கள் வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை எடுத்து வந்தார்கள். பாட்டில் இல்லாதவர்களுக்கு அக்கா ஊற்றிக் கொடுத்தாள். தெருவெல்லாம் டிரம் உருளுகிற சத்தம் கேட்டது. நான் கைப்பம்பு அடித்துக் குடம் குடமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாரி வருவதற்குள் எல்லா டிரம்மும் பளபளவென்று வாசலில் நின்றன.